நீராவியை நேசித்த கைகள்

(அர்தசீர் கர்செட்ஜி வாடியா: 1808 – 1877)

முன்னுரை

ஊதியத்துக்காகச் செய்யும் தொழில் ஒன்று. உள்ளம் விரும்பிச் செய்யும் தொழில் மற்றொன்று. முன்னது வயிற்றை நிரப்பும். பின்னது வாழ்வை நிரப்பும். எவரும் ஏவாமல், எந்தப் பரிசையும் எதிர்பாராமல், ஓய்ந்த வேளையில் ஒருவன் தன் கையால் ஒரு கருவியைச் செய்து பார்க்கிறான் என்றால், அவன் உள்ளத்தில் அறிவுப் பசி எரிகிறது என்பது பொருள்.

மேலைநாடுகளில் சிறு உருவ நீராவி எஞ்சின்களைச் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர். இவை சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைகள் அல்ல. சிறு கரண்டியால் நிலக்கரி இட்டு, நீரைக் கொதிக்க வைத்து, உண்மையான நீராவியால் ஓட்டப்படும் குட்டி ரயில் எஞ்சின்கள். இங்கிலாந்தில் இத்தகைய கைவேலைக்கென்றே 1898ஆம் ஆண்டில் ஓர் இதழ் தொடங்கப்பட்டது. ரயில்வேத் தொழிலாளியாக இருந்த லாரன்ஸ் என்பவர் (1883 – 1967) எல்.பி.எஸ்.சி. என்னும் புனைபெயரில் அவ்விதழில் பல்லாண்டுகள் எழுதினார். அவர் செய்த ஆயிஷா என்னும் எஞ்சின் இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடியது. அவ்வளவு சிறிய எஞ்சின் நிலக்கரியில் எரிந்து, வளர்ந்த மனிதரை ஏற்றிய வண்டியை இழுத்துக் காட்டியபோது கண்டவர் வியந்தனர்.

அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் பாரத நாட்டில், ரயில் என்னும் சொல்லையே மக்கள் அறியாத காலத்தில், ஓர் இளைஞர் தம் கையாலேயே ஒரு சிறு நீராவிப் பொறியைச் செய்து இயக்கினார். அவரே பம்பாய் நகரத்து அர்தசீர் கர்செட்ஜி வாடியா. நாம் பாடநூல்களில் ஜேம்ஸ் வாட்டைப் படிக்கிறோம், ஸ்டீவன்சனைப் படிக்கிறோம். நம் நாட்டவரான இவரைப் படித்தோமா? இக்கட்டுரை எழுந்ததற்கு அக்கேள்வியே காரணம்.

குடிப்பிறப்பு

அர்தசீர் 1808ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பார்சி மரபினர். வாடியா என்னும் குடிப்பெயருக்கே கப்பல் கட்டுவோர் என்பது பொருள். இக்குடியின் முன்னோரான லவ்ஜி நசர்வான்ஜி என்பவர் 1736ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்து வரப்பட்டார். அன்று தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில் இக்குடியினரே தலைமை வகித்தனர்.

இவர்கள் தேக்கு மரத்தால் கட்டிய கப்பல்களின் உறுதி உலகறிந்தது. 1817ஆம் ஆண்டில் இங்கே நீரில் இறக்கப்பட்ட ஒரு போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. 1842ஆம் ஆண்டில் சீனாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானதும் வாடியாக்கள் கட்டிய கார்ன்வாலிஸ் என்னும் கப்பலின் மீதுதான்.

இத்தகைய குடியில் பிறந்த அர்தசீர், 14ஆம் வயதில், 1822ஆம் ஆண்டில், தந்தை கர்செட்ஜி ருஸ்தம்ஜியுடன் கப்பல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். உளியும் வாய்ச்சியும் பிடித்து, மரத்தை அறிந்து, அளவை அறிந்து, முன்னோர் வழியே சென்றிருந்தால் புகழோடு வாழ்ந்திருப்பார். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அவருடைய உள்ளம் வேறொன்றை நாடியது.

புகை கக்கிய கப்பல்

1829ஆம் ஆண்டில் ஹ்யூ லிண்ட்சே என்னும் நீராவிக் கப்பல் பம்பாயில் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அது செங்கடல் வழியாகச் சூயஸ் வரை சென்றது. காற்றையும் பருவத்தையும் எதிர்பார்த்துக் காத்திருந்த கடலோடிகளுக்கு இது பெரும் புதுமை. பாய் இல்லாமலும் ஓடும் கப்பல்! வாடியாக் குடியினர் மரத்தில் வல்லவர்கள். எஞ்சினோ இங்கிலாந்திலிருந்து வந்தது. அதை இயக்குவோரும் அங்கிருந்தே வந்தனர். உடல் இங்கே செய்யப்பட, உயிர் அங்கிருந்து வந்தது எனலாம்.

இளைஞர் அர்தசீர் இதைக் கண்டார். மரக்கப்பலின் காலம் முடியப்போகிறது என்பதையும், நீராவியை அறியாதவன் நாளை வெறும் கூலியாளாகிவிடுவான் என்பதையும் அவர் உணர்ந்திருக்க வேண்டும். நீராவிப் பொறியின் நுட்பத்தைக் கற்பிக்கும் கல்லூரி அன்று இந்நாட்டில் இல்லை. ஆகவே அவர் தாமே கற்கத் துணிந்தார்.

கையால் செய்த பொறி

அவர் தம் கையாலேயே செய்தது ஒரு குதிரைத் திறன் கொண்ட சிறு நீராவிப் பொறி. ஒரு குதிரைத் திறன்தானா என்று எண்ணவேண்டா. நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைத் திறன். ஒரு காலன் நீரின் எடை 10 பவுண்டு. ஆகவே 33 அடி ஆழமுள்ள கிணற்றிலிருந்து, உராய்வு முதலிய இழப்புகளை நீக்கிப் பார்த்தால், நிமிடத்துக்கு 100 காலன் நீரை அது இறைக்க வல்லது. ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோட்டங்களில், ஆயில் எஞ்சினும் மின் மோட்டாரும் வருவதற்கு முன், கமலை கட்டி மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டி நீர் இறைத்த முதியோர்க்கு இந்தக் கணக்கின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அப்பொறியைச் செய்வது எளிதன்று. பாய்லரில் நீர் கொதித்து நீராவியாகிறது. நீராவி சிலிண்டருக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளி முடித்ததும் வால்வு இடம் மாறி, மறுபக்கத்திலிருந்து நீராவியை விடுகிறது. பிஸ்டன் திரும்பி வருகிறது. முன்னும் பின்னுமான இந்த ஓட்டத்தைத் தண்டும் மடக்கு அச்சும் சேர்ந்து சுழற்சியாக மாற்றுகின்றன. படிப்பதற்கு நான்கு வரிதான். செய்வதற்கோ, சிலிண்டரின் உட்புறம் முழு வட்டமாக இருக்கவேண்டும். பிஸ்டன் இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. தாளின் கனம் அளவு இடைவெளி இருந்தாலும் நீராவி கசிந்து வலிமை போய்விடும். பாய்லரின் இணைப்பு ஒன்று வலுவிழந்தால் உயிருக்கே கேடு.

பெரிய பொறியைவிடச் சிறிய பொறியைச் செய்வதில் ஓர் இடர் மிகுதி. ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பாதியாகக் குறைத்தால் அதன் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகும். கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடும். அதாவது, சிறிய பொறியில் உள்ளிருக்கும் நீராவி குறைவு. வெப்பம் வெளியேறும் பரப்போ அதற்குப் பொருந்தாத அளவு அதிகம். ஆகவே சிறிய சிலிண்டர் விரைவில் குளிர்கிறது. நீராவி பாதி வழியிலேயே நீராகிவிடுகிறது. குட்டி எஞ்சின் செய்வோர் எல்லாரும் இன்றுவரை இந்த இயற்கை விதியோடுதான் போராடுகின்றனர். லேத்தும் மின்சாரமும் கைக்கெட்டும் இக்காலத்திலேயே இது கடினம் எனில், அன்றைய பம்பாயில் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொறி இயங்கியதோடு அவர் ஓயவில்லை. 1833ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில், 60 டன் எடையுள்ள சிந்து என்னும் கடற்கலத்தைக் கட்டி அதில் நீராவி எஞ்சினைப் பொருத்தினார். பின்னர்ப் பம்பாய் அரசே அக்கலத்தை வாங்கிக்கொண்டது. நீராவிப் பம்பு கொண்டு தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் முறையையும் பம்பாய்க்கு அவர் கொண்டுவந்தார்.

இருளில் பூத்த ஒளி

1834ஆம் ஆண்டில் மற்றொரு புதுமை. மசகான் பகுதியில் இருந்த தம் மாளிகையிலும் தோட்டத்திலும் அர்தசீர் எரிவாயு விளக்குகளை ஏற்றினார். எண்ணெயும் திரியும் தவிர வேறு விளக்கறியாத நகரில், குழாய் வழியே வந்த வாயு ஒளிவிட்டு எரிந்தது. அப்போது பம்பாய்க் கவர்னராயிருந்த கிளேர் பிரபுவே வந்து பார்த்துப் பாராட்டினார்.

இங்கே ஒரு பொருத்தம் சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் வில்லியம் மர்டாக் என்னும் பொறியாளர் இருந்தார். அவர் ஜேம்ஸ் வாட்டின் நிறுவனத்தில் வேலை செய்தவர். 1784ஆம் ஆண்டில், வேலை போக எஞ்சிய நேரத்தில், நீராவியால் ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்தார். ரயில் எஞ்சினின் பாட்டன் என்று அந்தச் சிறு உருவைச் சொல்லலாம். அதே மர்டாக்தான் 1792ஆம் ஆண்டில் தம் வீட்டில் நிலக்கரி வாயு விளக்கை ஏற்றினார். சிறு நீராவிப் பொறி, வாயு விளக்கு என்னும் இரண்டையும் மேலைநாட்டில் ஒரே மனிதர் செய்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து நம் நாட்டிலும் ஒரே மனிதர் செய்தார். ஆர்வம் என்னும் விதை எந்த மண்ணிலும் முளைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறக்கப்பட்ட ஒரு கொல்லர்

அர்தசீருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் போவது அறமாகாது. வங்காளத்தில் செராம்பூர்ப் பாதிரிமார் தம் காகித ஆலைக்காக 1820ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து நீராவிப் பொறி ஒன்றை வரவழைத்தனர். டிட்டாகர் என்னும் ஊரைச் சேர்ந்த கோலக் சந்திரர் என்னும் கொல்லர் அதைக் கூர்ந்து பார்த்து, ஐரோப்பியர் எவருடைய துணையுமின்றி அதைப் போலவே ஒரு பொறியைச் செய்தார். 1828ஆம் ஆண்டில் கல்கத்தா வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அதை வைத்தார். அவருக்கு 50 ரூபாய் பரிசு கிடைத்தது. அத்துடன் வரலாற்று ஏடுகளிலிருந்து அவர் மறைந்துவிட்டார்.

இருவரும் நீராவியை நேசித்தவர்கள். இருவரும் தம் கையால் பொறி செய்தவர்கள். ஒருவர் பெற்றது 50 ரூபாய். மற்றவர் பெற்றது உலகப் புகழ். திறமையிலா வேறுபாடு? அன்று. அர்தசீருக்குக் குடிப்பெருமை இருந்தது, ஆங்கிலம் இருந்தது, நூல்களை வரவழைத்துப் படிக்கும் வசதி இருந்தது. கோலக் சந்திரருக்குக் கைகள் மட்டுமே இருந்தன. நம் நாட்டில் நெடுங்காலமாக ஏடு பிடித்தவன் சுத்தி பிடிக்கவில்லை. சுத்தி பிடித்தவனுக்கு ஏடு தரப்படவில்லை. ஏடும் சுத்தியும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அர்தசீர் சான்று. சேரவிடாமல் தடுத்ததால் நாம் எதை இழந்தோம் என்பதற்குக் கோலக் சந்திரர் சான்று.

கடல் கடந்த கல்வி

1839ஆம் ஆண்டில் அர்தசீர் இங்கிலாந்து புறப்பட்டார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில்தான். ஆகவே கப்பலில் எகிப்தை அடைந்து, நிலவழியே அதைக் கடந்து, மீண்டும் கப்பல் ஏறவேண்டும். அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதி 1840ஆம் ஆண்டில் லண்டனில் நூலாக வெளியிட்டார்.

அங்கே அவர் வேடிக்கை பார்த்துப் பொழுது கழிக்கவில்லை. கப்பல் எஞ்சின் செய்யும் பட்டறைகளைத் தேடிச் சென்று கற்றார். விக்டோரியா அரசியாரையும் கண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் அவர் திறமையை உணர்ந்து, பம்பாயிலிருந்த தங்கள் நீராவித் தொழிற்சாலைக்கும் வார்ப்பாலைக்கும் தலைமைப் பொறியாளராக அவரை அமர்த்தினர்.

1841ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் லண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நியூட்டன் தலைமை வகித்த சங்கம் அது. அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அர்தசீரே. பம்பாயில் ஏற்றிய வாயு விளக்கும், நீராவி எஞ்சின் பொருத்திய 60 டன் கலமும் அவருடைய தகுதிகளாகக் குறிக்கப்பட்டன. இரண்டாம் இந்தியருக்கு அச்சிறப்புக் கிடைக்க 77 ஆண்டுகள் ஆயின. அவர் யார் தெரியுமா? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்ற நம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்! 1918ஆம் ஆண்டில் அவர் தேர்வு பெற்றார். அரசுக் கல்லூரி மாணவர்களாகிய நாம் இதைப் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம்.

எதிர்ப்பும் ஏற்றமும்

1841ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அர்தசீர் தம் பதவியை ஏற்றிருந்தார். அப்போது வயது 32. அவருக்குக் கீழே தலைமை உதவியாளராக ஐரோப்பியர் நால்வர். எஞ்சின் வேலையும் பாய்லர் வேலையும் செய்யும் ஐரோப்பியர் நூறு பேர். இந்தியக் கைவினைஞர் ஏறத்தாழ இருநூறு பேர்.

ஆள்பவன் வெள்ளையன், ஆளப்படுபவன் இந்தியன் என்பது அன்றைய நியதி. அந்த நியதியை ஒரு தொழிற்சாலைக்குள் தலைகீழாக்கியது இந்த நியமனம். பம்பாய் டைம்ஸ் ஏடு அதை ஒப்பவில்லை. ஐரோப்பியத் தொழிலாளருக்கு மேலே ஓர் இந்தியரை அமர்த்துவது தகாது என அது எழுதியது. அவருடைய வேலைத்திறனில் குறை கண்டு எழுந்த எதிர்ப்பு அல்ல அது. வேலையைத் தொடங்கும் முன்பே, பிறப்பைக் கண்டு எழுந்த எதிர்ப்பு.

இத்தகைய எதிர்ப்பைச் சொல்லால் வெல்ல முடியாது. கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் தலைவர் தவறுவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலை. பாய்லரில் ஒரு தகடு பிசகினாலும் பழி ஓர் ஆள்மேல் மட்டும் விழாது. ஓர் இனத்தின்மேலேயே விழும். அந்நிலையில் அவர் 16 ஆண்டுகள், 1857 வரை, அப்பதவியில் இருந்தார். அதுவே அவர் தந்த விடை. பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் தம் கையால் ஒருமுறை செய்து பார்த்தவரை, அதைப் பற்றி எவரும் ஏமாற்ற முடியாது. இளமையில் செய்த அந்தச் சிறு பொறி கற்பித்த பாடமே அவரை அந்த நூறு பேர் நடுவே நிமிர்ந்து நிற்கச் செய்தது என்றால் மிகையாகாது.

வீட்டிலேயே ஓர் உலைக்களம்

உயர்பதவி கிடைத்ததும் கைவேலையை மறப்பவர் பலர். அர்தசீர் அப்படியல்லர். தம் இல்லத்திலேயே வார்ப்பாலை வைத்திருந்தார். 1849ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, மரம் அறுக்கும் எந்திரங்களை வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பினார். 1851ஆம் ஆண்டில் லவ்ஜி குடும்பம் என்று முன்னோர் பெயரிட்டு ஒரு நீராவிக் கப்பலை நீரில் இறக்கினார். அதன் உறுப்புகள் அவருடைய இல்லத்து வார்ப்பாலையிலேயே செய்யப்பட்டவை. உடலும் உயிரும் ஒருங்கே இங்கு உருவாயின! தையல் எந்திரம், மின்முலாம் பூசுதல் ஆகியவற்றைப் பம்பாய்க்கு அறிமுகம் செய்தவரும் இவரே.

1853ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856ஆம் ஆண்டில் நம் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது. அந்த எஞ்சின்களைக் கண்டு பேய் என்றும் பூதம் என்றும் மக்கள் அஞ்சியதாகச் சொல்வர். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அந்தப் பூதத்தைத் தம் வீட்டில் செய்து, அதற்கு வேலை சொன்ன ஓர் இந்தியர் இருந்தார்.

இறுதிக் காலம்

1857ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஓய்வு பெற்றபின் அர்தசீர் இங்கிலாந்து சென்று ரிச்மண்டில் தங்கினார். 1861ஆம் ஆண்டில் சிந்து நதிக் கப்பல் கம்பெனியின் மேற்பார்வைப் பொறியாளராக மீண்டும் வந்து, கோத்ரி என்னும் ஊரில் ஈராண்டு பணியாற்றினார். இளமையில் சிந்து எனப் பெயரிட்ட கலத்தைக் கட்டியவர், முதுமையில் அந்த நதியிலேயே கப்பல்களைக் கவனித்தார். பின்னர் ரிச்மண்டுக்கே திரும்பி, 1877ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் மறைந்தார். 1969ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

அவர் கம்பெனியாரின் ஊழியராகவே உழைத்தார் என்பதும், அந்தக் கப்பல்கள் அயலார் ஆட்சிக்கே பயன்பட்டன என்பதும் உண்மையே. ஆயினும் இந்தியனின் மூளைக்கும் கைக்கும் எட்டாத நுட்பம் எதுவும் இல்லை என்பதை ஆண்டவர்களின் கண்முன்னேயே நிலைநாட்டியதும் அவர்தாம்.

முடிவுரை

நண்பர்களே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. தேர்வுக்காக எஞ்சினின் படத்தை வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். அதன் ஓர் உறுப்பையாவது தொட்டுப் பார்த்தோமா? திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சித் தடத்தில் ஒரு காலத்தில் ஓடிய கரி எஞ்சினைப் பற்றி நம் பாட்டன்மார் கதை சொல்வர். அது எப்படி ஓடியது என்று ஒரு குழந்தை நம்மைக் கேட்டால் விடை சொல்ல வல்லோமா? கலைக் கல்லூரியில் படிப்பவருக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டா. அர்தசீர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பட்டம் பெற்றவர் அல்லர்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் மோட்டார் கட்டும் இளைஞருள், லேத்தின் முன் நின்று இரும்பைக் கடையும் தொழிலாளருள், எத்தனை கோலக் சந்திரர்கள் இருக்கின்றனரோ! அவர்கள் கையிலுள்ள அறிவை நாம் மதித்துக் கற்கவேண்டும். நம் கையிலுள்ள ஏட்டை அவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏடும் சுத்தியும் ஒன்றையொன்று தேடிச் செல்லும் நாளே நம் நாட்டின் பொன்னாள். ஒரு குதிரைத் திறன் கொண்ட சிறு பொறியால் ஒரு மனிதர் ஒரு காலத்தின் தடையைத் தள்ளி நகர்த்தினார். நாமும் சிறிதாகவே தொடங்குவோம்; ஆனால் நம் கையால் தொடங்குவோம்!